மருந்தைக் காத்த மனிதர்கள்

நுழையும்முன்

புதிய மருந்து கண்டவர்களை உலகம் போற்றுகிறது. கண்ட மருந்து பயனற்றுப் போகாமல் காத்தவர்களைப் பலர் அறிவதில்லை. காசநோய்க்கு எதிரான போராட்டத்தில் அத்தகைய பணி ஒன்று சென்னைச் சேத்துப்பட்டில் நடைபெற்றது. அப்பணியின் வரலாற்றையும் அது இன்றைக்கு உணர்த்தும் கடமையையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மருந்தும் எச்சரிக்கையும்

1928ஆம் ஆண்டு, இலண்டன் தூய மேரி மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங், தம் ஆய்வுத் தட்டு ஒன்றில் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டார். அதனைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் அழிந்திருந்தன. பூஞ்சை சுரந்த அப்பொருளே பெனிசிலின். பின்னர் ஆக்ஸ்போர்டில் ஹோவர்டு ஃபுளோரி, எர்னஸ்ட் செயின் ஆகியோரின் குழுவினர் அதனைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினர்.

1941இல் கடும் கிருமித்தொற்றால் உயிருக்குப் போராடிய காவலர் ஒருவருக்கு அம்மருந்து செலுத்தப்பட்டது. அவர் உடல்நிலை தேறத் தொடங்கியது. ஆனால், மருந்தின் கையிருப்போ மிகக் குறைவு. அவருடைய சிறுநீரில் வெளியேறிய மருந்தையும் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். அதுவும் தீர்ந்தபின் நோய் மீண்டது, அவர் இறந்தார். மருந்து நோயைத் தணித்தால் மட்டும் போதாது, கிருமிகள் முற்றும் அடங்கும்வரை கிடைக்கவும் வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இதற்கு முந்தைய ஆண்டிலேயே, பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் சில பாக்டீரியாக்கள் சுரப்பதைச் செயினும் எட்வர்டு ஆபிரகாமும் கண்டறிந்திருந்தனர். 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், போதிய அளவின்றி மருந்தை உட்கொள்வோரின் உடலில் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் எனப் பிளெமிங்கும் எச்சரித்தார்.

எதிர்ப்புத்திறன் தோன்றும் விதம்

‘உடல் மருந்துக்குப் பழகிவிட்டது’ என்று மக்கள் கூறுவதுண்டு. உண்மையில் எதிர்ப்புத்திறன் பெறுவது உடலன்று, நுண்ணுயிரே ஆகும். பாக்டீரியாக்கள் பெருகும்போது அவற்றின் மரபுப்பொருளில் தற்செயலாக மாற்றங்கள் நிகழ்கின்றன. அவற்றுள் ஏதேனும் ஒரு மாற்றம், மருந்தைச் சிதைக்கவோ வெளியேற்றவோ உதவலாம். மருந்து செலுத்தப்படும்போது ஏனையவை மடிய, அம்மாற்றம் பெற்றவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன.

ஒரு பாக்டீரியா தன் எதிர்ப்புத்திறனை வேறோர் இனப் பாக்டீரியாவுக்கும் வழங்க வல்லது. சீதபேதியை உண்டாக்கும் கிருமிகளை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர்கள், 1950களின் இறுதியில் இதனைக் கண்டறிந்தனர். எனவே, ஓரிடத்தில் தோன்றும் எதிர்ப்புத்திறன் அவ்விடத்தோடு நின்றுவிடுவதில்லை.

காசநோய் கற்பித்த பாடம்

1943இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டறிந்தார். காசநோயைக் கட்டுப்படுத்தவல்ல முதல் நுண்ணுயிர் எதிர்ப்பொருள் அதுவே. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 107 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவுகள் 1948இல் வெளிவந்தன. மருந்து பெற்றவர்கள் முதல் ஆறு திங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். ஆனால், அவர்களுள் பெரும்பாலோரிடம் கிருமிகள் மருந்தை எதிர்க்கத் தொடங்கின. ஐந்தாண்டுகள் கழிந்தபோது, மருந்து பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே இறப்பில் பெரிய வேறுபாடு இல்லாமற்போனது.

அறிஞர்கள் சோர்ந்துவிடவில்லை. ஸ்ட்ரெப்டோமைசினுடன் ‘பாஸ்’ என்னும் மற்றொரு மருந்தையும் சேர்த்து வழங்கினர். எதிர்ப்புத்திறன் தோன்றுவது பெரிதும் குறைந்தது. இதன் அடிப்படை எளிய கணக்கே. ஒரு மருந்தை எதிர்க்கவல்ல கிருமி பத்து இலட்சத்தில் ஒன்று எனக் கொள்வோம். இரு மருந்துகளையும் ஒருங்கே எதிர்க்கவல்லது இலட்சம் கோடியில் ஒன்றாகவே இருக்கும். ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று அழித்துவிடும். 1952இல் ஐசோனியசிட் என்னும் மருந்தும் இவ்வரிசையில் சேர்ந்தது.

சென்னையின் பங்கு

கூட்டு மருந்துகள் கிடைத்தும் ஒரு சிக்கல் எஞ்சியது. காசநோயாளிகள் நோயர் இல்லங்களில் பல திங்கள் தங்கி, ஓய்வும் சத்துணவும் பெறவேண்டும் என்பதே அக்கால மருத்துவக் கொள்கை. இந்தியாவில் நோயாளிகளோ பல இலட்சம். படுக்கைகளோ மிகச் சில. வீட்டிலேயே மருந்து உண்டால் நோய் குணமாகுமா? இடையில் மருந்தை நிறுத்தி எதிர்ப்புத்திறனை வளர்த்துவிடுவார்களா? உடன் வாழும் குழந்தைகளுக்கு நோய் பரவுமா? இவ்வினாக்களுக்கு விடை தேவைப்பட்டது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இணைந்து, சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு நடுவத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமையேற்றார். நோயாளிகள் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வீட்டிலும், மற்றொரு பிரிவினர் நோயர் இல்லத்திலும் ஓராண்டு ஒரே வகை மருந்துகளை உண்டனர். வீட்டிலிருந்தோர் பெரும்பாலும் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை மக்கள். அவர்களுக்கு ஓய்வும் நல்லுணவும் குறைவே. செவிலியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்துகளை எண்ணினர். சிறுநீரையும் பெற்றுச் சோதித்தனர்.

1959இல் வெளியான முடிவு உலகின் கருத்தை மாற்றியது. வீட்டு மருத்துவம், நோயர் இல்ல மருத்துவத்திற்கு ஏறத்தாழ இணையான பயனளித்தது. உடன் வாழ்ந்தோர்க்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. நோய் தீர்வதற்கு மாளிகை தேவையில்லை. உரிய மருந்தை உரிய காலம்வரை தவறாது உண்பதே தேவை என்பது உறுதியானது. மருந்து உண்பதை ஒருவர் நேரில் கண்காணிக்கும் முறைக்கும் சென்னை ஆய்வுகள் அடித்தளமிட்டன. அந்நடுவமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழ்கிறது.

இன்றைய அறைகூவல்

எதிர்ப்புத்திறன் இன்று காசநோயோடு நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டில் மருந்துகளை எதிர்க்கும் பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த இறப்புகள், உலகளவில் ஏறத்தாழ 12.7 இலட்சம் என மதிப்பிடப்பட்டுள்ளது. அறுவை மருத்துவம், புற்றுநோய் மருத்துவம், குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பு ஆகிய அனைத்தும் இம்மருந்துகளின் துணையால் நிகழ்பவை. இவை செயலிழந்தால், சிறு காயமும் உயிரைப் பறிக்கும் பழைய காலம் திரும்பக்கூடும்.

2012இல் இந்திய மருத்துவ அமைப்புகளின் வல்லுநர்கள் சென்னையில் கூடி, எதிர்ப்புத்திறனைத் தடுக்கும் வழிமுறைகளை வகுத்தனர். அது ‘சென்னைப் பிரகடனம்’ எனப்படுகிறது. 2014இல் முதன்மையான சில எதிர்ப்பொருள்களும் காசநோய் மருந்துகளும் ‘எச்1’ அட்டவணையில் சேர்க்கப்பட்டன; அவற்றின் விற்பனையை மருந்துக்கடையினர் தனிப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். இறுதி மருந்தாகக் கருதப்படும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அளிப்பதை 2019இல் இந்திய அரசு தடை செய்தது.

நால்வகைப் பொறுப்பு

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் ஆகிய நான்கும் அமைந்ததே மருத்துவம் என்கிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். சேத்துப்பட்டில் வெற்றி கண்டது இந்நான்கின் இணைவே. இவற்றுள் ஒன்று தவறினும் எதிர்ப்புத்திறனுக்கு வழி பிறக்கும். வைரஸால் வரும் சளிக்கு நுண்ணுயிர் எதிர்ப்பொருள் பயன்படாது என்பதை அறியாமல் கேட்டு வாங்குவதும், காய்ச்சல் தணிந்ததும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவதும், எஞ்சிய மாத்திரையைப் பிறருக்கு அளிப்பதும் அத்தகைய தவறுகளே. ஒருவர் செய்யும் தவறு அவரோடு முடிவதில்லை. அவரை அறியாத இன்னொருவரின் மருந்தையும் அது பறித்துவிடுகிறது. மருந்து, காற்றையும் நீரையும் போன்ற பொதுச்செல்வம். அதனைக் காப்பது அனைவரின் கடமையாகும்.

தெரியுமா?

மருத்துவரின் பரிந்துரையின்றி உண்ணக்கூடாத மருந்துகளின் உறையில் சிவப்புநிறச் செங்குத்துக் கோடு அச்சிடப்பட்டிருக்கும். நுண்ணுயிர் எதிர்ப்பொருள்களின் உறைகளிலும் அதனைக் காணலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையச் செவிலியரைச் சந்தித்து, காசநோயாளிகள் மருந்தைத் தவறாது உண்ண மேற்கொள்ளப்படும் முயற்சிகளைக் கேட்டறிந்து தொகுக்க.
2. ‘மருந்து ஒரு பொதுச்செல்வம்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.