இரண்டு விளக்குத் திருநாள், ஒரே நெய்யப்பம்

கார்த்திகை மாதம் வந்துவிட்டது. பாலக்காட்டுத் தமிழ் வீடுகளில் பரணில் இருந்த அப்பக்காரல் கீழே இறங்கும். அப்பக்காரல் என்பது குழிப்பணியாரச் சட்டிதான். சித்தூரிலும் கல்பாத்தியிலும் திருக்கார்த்திகை அன்று வாசலில் அகல் விளக்கு எரியும். அடுப்பில் நெய்யப்பம் வேகும். தெரு முழுவதும் ஏலக்காய் வாசனை வீசும்.

கொச்சியிலும் ஒரு விளக்குத் திருநாள் உண்டு. அதற்கும் நெய்யப்பம்தான் சுடுவார்கள். ஆனால் அதைக் கொண்டாடுகிறவர்கள் யூதர்கள். அந்தத் திருநாளின் பெயர் ஹனுக்கா.

கொச்சி யூதர்கள்

யூதர்கள் ஒரே கடவுளை வணங்குகிறவர்கள். அவர்களுடைய புனித நகரம் ஜெருசலேம். கடல் வணிகத்தின் வழியாக அவர்கள் கேரளக் கரைக்கு வந்தார்கள். சுமார் கி.பி. 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு ஒரு செப்பேடு கொடுத்தார். பல்லக்கு, குடை, வரிச் சலுகை போன்ற உரிமைகள் அதில் எழுதப்பட்டுள்ளன. அது வட்டெழுத்தில் எழுதப்பட்டது. அதன் மொழி தமிழுக்கு மிகவும் நெருக்கமானது. மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டில் கட்டிய யூத ஜெபாலயம் இன்றும் இருக்கிறது. பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் பழைய ஜெபாலயங்கள் உள்ளன.

அந்தக் காலத்தில் சித்தூரும் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்த ஊர்தான். யார் யாரிடம் நெய்யப்பம் கற்றார்கள் என்று கேட்கத் தேவையில்லை. கேரளத்தில் எல்லா மதத்தாரும் நெய்யப்பம் சுடுகிறார்கள். யூதர்களும் அந்த ஊர்க்காரர்கள். தங்கள் ஊர்ப் பலகாரத்தைத் தங்கள் திருநாளுக்குச் சுட்டார்கள்.

ஒரு நாள் எண்ணெய், எட்டு நாள் வெளிச்சம்

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஜெருசலேம் கோயிலை ஒரு கிரேக்க அரசன் பிடித்துக்கொண்டான். யூதர்களின் வழிபாட்டைத் தடுத்தான். யூதர்கள் போராடினார்கள். கி.மு. 164ஆம் ஆண்டு வாக்கில் கோயிலை மீட்டார்கள். விளக்கு ஏற்ற வேண்டும். ஆனால் தூய எண்ணெய் ஒரே ஒரு சிறிய ஜாடியில்தான் இருந்தது. அது ஒரு நாளுக்குத்தான் போதும். ஆனாலும் விளக்கு எட்டு நாள் அணையாமல் எரிந்தது என்பது அவர்களின் நம்பிக்கை.

எண்ணெயால் வந்த திருநாள். அதனால் எண்ணெயில் பொரித்த பண்டம். ஐரோப்பிய யூதர்கள் உருளைக்கிழங்கைத் துருவி அடை சுடுவார்கள். கொச்சியில் நெய்யப்பம்.

முதல் நாள் ஒரு விளக்கு. இரண்டாம் நாள் இரண்டு. இப்படி எட்டாம் நாள் எட்டு விளக்கு. எட்டு நாளும் சேர்த்து மொத்தம் எத்தனை? ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். 36 வரும். இவற்றை ஏற்றுவதற்கென்று தினமும் தனியாக ஒரு விளக்கு உண்டு. அந்த எட்டையும் சேர்த்தால் 44.

நம் திருக்கார்த்திகை முழுநிலவில் வரும். ஹனுக்கா தேய்பிறையில் தொடங்கும். அமாவாசையைத் தாண்டி முடியும். இரண்டும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும்.

பெயரில்தான் நெய்

யூதர்களுக்கு உணவில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பாலையும் இறைச்சியையும் சேர்த்து உண்ணக் கூடாது. நெய் பாலிலிருந்து வருகிறது. அதனால் இறைச்சி உணவோடு நெய்ப் பண்டம் உண்ண முடியாது. தேங்காய் எண்ணெயில் சுட்டால் இந்தச் சிக்கல் இல்லை. கறிக்கும் பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால்தான். தென்னை மரம் அவர்களுக்குப் பெரிய உதவி.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஹனுக்கா விளக்கு எரியும் நேரத்தில் பெண்கள் வேலை செய்ய மாட்டார்கள். குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு. நம் வீடுகளிலும் இருக்க வேண்டிய வழக்கம்! ஆகவே அப்பத்தை இருட்டும் முன்பே சுட்டு வைத்துவிட வேண்டும்.

நோட்டுப் புத்தகம்

1948ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாடு உருவானது. அதன்பின் கொச்சி யூதர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே சென்றார்கள். 1950களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். இன்று கொச்சியில் இருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போனவர்களில் பலர் நெவாட்டிம் என்ற ஊரில் குடியேறினார்கள். அது பாலைவனப் பகுதி. அங்கே தென்னந்தோப்பு இல்லை. காயலும் இல்லை.

அவர்கள் கொண்டுபோன பொருள்களில் பழைய நோட்டுப் புத்தகங்களும் இருந்தன. கல்யாணப் பாட்டு, திருநாள் பாட்டு எல்லாவற்றையும் பெண்கள் மலையாளத்தில் எழுதி வைத்திருந்தார்கள். தாயின் நோட்டைப் பார்த்து மகள் எழுதிக்கொள்வாள். எர்ணாகுளம் மாவட்டம் 1990ஆம் ஆண்டில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இந்தப் பெண்கள் அதற்கு வெகு காலம் முன்பே எழுதப் பழகியவர்கள். எழுதியதால்தான் அந்தப் பாட்டுகள் இன்றும் கிடைக்கின்றன.

சமையல் அப்படி இல்லை. அது பெரும்பாலும் கையிலும் கண்ணிலும்தான் இருந்தது. “வெல்லம் வேண்டிய அளவு, பதம் வரும் வரை” என்றால் வேறு நாட்டில் பிறந்த பேத்திக்கு என்ன புரியும்? கொச்சியில் பிறந்த எஸ்ஸி சசூன் வேறு இருவருடன் சேர்ந்து கொச்சி யூதர் சமையலைப் புத்தகமாக எழுதினார். அது 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. உங்கள் வீட்டு நெய்யப்பத்தின் அளவு எங்கேயாவது எழுதி இருக்கிறதா?

அளவோடு செய்வோம்

தேவையான பொருள் எல்லாம் நம் எல்லைப்புறத்திலேயே கிடைக்கும். அரிசி பாலக்காட்டில் விளைகிறது. தேங்காய் சித்தூர்ப் பக்கம் நிறைய. ஏலக்காய் இடுக்கி மலையில். வண்டன்மேட்டில் தமிழ்ப் பெண்கள் பறிக்கும் ஏலம், போடிநாயக்கனூரில் ஏலம் போகிறது! வெல்லத்துக்கு மறையூர். அங்கே கைகளால் உருட்டிய கரும்பு வெல்லத்துக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நிறம் கரும்பழுப்பு. பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தை வாங்க வேண்டாம். நிறத்துக்காக ரசாயனம் சேர்த்திருக்கலாம்.

பச்சரிசி கால் கிலோ எடுங்கள். வெல்லம் 200 கிராம். நன்றாகக் கனிந்த பூவன் பழம் 1. ஏலக்காய் 5. தேங்காய் கால் மூடி. உப்பு ஒரு சிட்டிகை. சுடுவதற்குத் தேங்காய் எண்ணெய் கால் லிட்டர். கொச்சி யூதர்களைப் போலச் செய்ய முந்திரி 10, உலர்ந்த திராட்சை 15 சேர்க்கலாம்.

அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து நீரை வடியுங்கள். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரையுங்கள். மையாக அரைக்கக் கூடாது. விரலில் தொட்டால் மெல்லிய ரவை போல இருக்க வேண்டும். வெல்லத்தை அரை டம்ளர் நீரில் கரைய விட்டு, மண் போக வடிகட்டுங்கள். பாகு காய்ச்ச வேண்டாம். பாகு முற்றினால் அப்பம் கல்லாகிவிடும். சூடு ஆறியபின் மாவில் ஊற்றுங்கள். பழத்தைப் பிசைந்து சேருங்கள். தேங்காயைப் பொடிப் பொடியாக நறுக்கி, எண்ணெயில் சிவக்க வறுத்துப் போடுங்கள். முந்திரியை நறுக்கிப் போடுங்கள். ஏலப்பொடி, உப்பு, திராட்சையும் சேருங்கள். மாவு இட்லி மாவைப் போல இருக்கட்டும். 2 மணி நேரம் மூடி வையுங்கள்.

குழிகளில் பாதி அளவு எண்ணெய் விட்டுக் காயவையுங்கள். முக்கால் குழி வரை மாவு ஊற்றுங்கள். தீ மிதமாக இருக்க வேண்டும். தீ அதிகமானால் வெளியே கருகும். உள்ளே மாவாக இருக்கும். தீ குறைந்தால் அப்பம் எண்ணெயைக் குடித்துவிடும். ஓரம் சிவந்ததும் கம்பியால் திருப்புங்கள். கம்பியில் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டவில்லை என்றால் எடுத்துவிடலாம்.

சுட்ட அன்று மேலே மொறுமொறுப்பாக இருக்கும். மறுநாள் மெதுவாகி, இனிப்பு கூடினாற்போல் இருக்கும். பழமும் தேங்காயும் சேர்ந்திருப்பதால் மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். ஹனுக்கா எட்டு நாள். ஆகவே நான்காம் நாள் காலையில் மறுபடியும் அரிசி ஊறப்போட வேண்டும்.