இந்த மாதப் பாடம்: முதியோர் இல்லத்துக்கு டாக்டர் வர்றாரா?



குறுவை, சம்பா என்று வயலில் உழைத்து ஓய்ந்தவர்கள் நம் பெரியவர்கள். பிள்ளைகள் திருப்பூர், சென்னை, வெளிநாடு என்று போய்விட, சிலர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார்கள். அங்கே சோறும் படுக்கையும் கிடைத்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். போதாது. அவர்களை முறையாக வந்து பார்க்க ஒரு டாக்டரும் வேண்டும்.

ஏன் டாக்டர்?

வயதானவர்களுக்கு நோய் வேறு மாதிரி காட்டும். சிறுநீரில் கிருமி தொற்றினால் காய்ச்சலே இல்லாமல், திடீரென்று ஆள் தெரியாமல் பேசலாம். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது மாத்திரை. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், முட்டிவலிக்கு இன்னொரு டாக்டர், தூக்கத்துக்கு மெடிக்கல் கடை. ஒரே மருந்து இரண்டு பெயரில் சேர்ந்துவிடும். தூக்க மாத்திரையால் தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பலர் பழையபடி நடப்பதில்லை. எல்லா மாத்திரையையும் ஒரே டாக்டர் சேர்த்துப் பார்த்தால் இதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. முதியோர் இல்லங்களின் தரத்தை வகுக்கும்போது மருத்துவ வசதியையும் சேர்க்கச் சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் 60 வயதானவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. இது சலுகை இல்லை, உரிமை.

இல்லத்தில் நாம் கேட்க வேண்டியவை

1. எந்த டாக்டர் வர்றார்? எத்தனை நாளைக்கு ஒரு தடவை?
2. ஒவ்வொருவருக்கும் பிரஷர், சர்க்கரை, மாத்திரை எழுதிய நோட்டு இருக்கிறதா?
3. ராத்திரி உடம்பு முடியாவிட்டால் யாருக்குச் சொல்வார்கள்? 108-க்கு போன் செய்பவர் யார்?
4. படுத்த படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் போடுகிறார்களா? முதுகில் புண் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கிறாரா?

நாம் என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் வேலையில் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான் சேர்ந்தார்கள். அந்த அனுபவம் நம்மிடம் இருக்கிறது. பக்கத்து இல்லத்தில் டாக்டர் வருவதில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் குழுவாகப் போய் மனு கொடுப்போம். முதியோர் உதவி எண் 14567-ஐயும் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

குழுக் கூட்டத்தில் பேச: நம்ம ஊர்ப் பெரியவர்கள் யார் யார் இல்லத்தில் இருக்காங்க? அவங்களை டாக்டர் கடைசியா எப்போ பார்த்தார்?