மரத்துக்கு ஈரம், பிளாஸ்டிக்குக்கு வெயில்

சிங்கப்பூர்ப் படகுத்துறைகளில் நிற்கும் பாய்மரப் படகுகள் பலவற்றின் உடல் கண்ணாடி இழையால் ஆனது. ஆனால் கைப்பிடி, விளிம்புச் சட்டம் போன்றவை தேக்காக இருப்பதுண்டு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் எளிதில் உளுத்துப்போகாது. எனினும் இங்குள்ள வெயிலிலும் மழையிலும் மேற்பூச்சு உரியும். அடிக்கடி தேய்த்துப் பூச வேண்டும். அதனால் சிலர் பி.வி.சி. சட்டத்துக்கு மாறுகிறார்கள். மாற்றும்முன் ஒரு கணக்குப் போட வேண்டும்.

மரம் ஈரத்தால் அகலவாக்கில் உப்பும். வெப்பத்தால் நீளவாக்கில் மிகக் குறைவாகவே நீளும். பி.வி.சி. நேர்மாறானது. ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் 1 மீட்டர் சட்டம் 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.06 மி.மீ. நீளும். அதிகாலையில் 25 டிகிரியில் இருக்கும் 3 மீட்டர் சட்டம் நண்பகலில் 55 டிகிரியை எட்டுவதாகக் கொள்வோம்.

0.06 × 3 × 30 = 5.4 மி.மீ.

அதே நீளமுள்ள தேக்கு ஏறக்குறைய அரை மி.மீ.தான் நீளும்.

ஆகவே மரத்தைப்போல் பி.வி.சி.யையும் எல்லா இடத்திலும் இறுக்கித் திருகினால் சட்டம் வளைந்து புடைக்கும். அடைப்புப் பசை பிய்ந்து, திருகாணித் துளை வழியே நீர் இறங்கும். நடுத் திருகாணியை மட்டும் இறுக்கி, மற்றவற்றை நீள்துளைகளில் சற்றுத் தளர்வாகப் பொருத்த வேண்டும். முனைகளில் இடைவெளியும் தேவை.

சிந்திக்க: கறுப்புச் சட்டம், வெள்ளைச் சட்டம் இரண்டில் எது அதிகம் நீளும்? ஏன்?