லேப்டாப் பாடி பிளக்குதா? அழுத்தி மூடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு நாலு நாள் இருக்கும்போது என் லேப்டாப்பில் டச்பேட் க்ளிக் ஆகாமல் போனது. உற்றுப் பார்த்தால், கை வைக்கிற இடத்தில் மேல் பாடிக்கும் கீழ் பாடிக்கும் நடுவில் ஒரு இடைவெளி. "ஓவர் ஹீட்ல பிளாஸ்டிக் வளைஞ்சிடுச்சு மச்சி" என்றான் ரூம்மேட். நானும் நம்பிவிட்டேன். கையால் அழுத்தினால் உட்கார்ந்தது, கையை எடுத்தால் மறுபடி எழுந்தது. கடைசியில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தை வெயிட்டாக மேலே வைத்துவிட்டு, சார்ஜரையும் போட்டுவிட்டுத் தூங்கினேன்.

நான் படிப்பது மெக்கானிக்கல். அந்தப் புத்தகத்தை வெயிட்டாக வைத்ததற்குப் பதிலாகத் திறந்து படித்திருக்கலாம். நான் பண்ணினது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. நீங்க அதைப் பண்ணக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

சூட்டில் பிளாஸ்டிக் வளையுமா?

லேப்டாப் பாடிக்குப் பெரும்பாலும் ஏபிஎஸ், அல்லது பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும் கலந்த பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஏபிஎஸ் இளக ஆரம்பிப்பது சுமார் 105 டிகிரி செல்சியஸில். பாலிகார்பனேட் என்றால் சுமார் 147. ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கினாலே தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்தச் சூடும் சிப்புக்குள் இருப்பது. வெளியே பாடிக்கு வருவதற்குள் நிறைய குறைந்துவிடும். தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளும் சூடே 50 டிகிரி பக்கம்தான். அதனால் பாடி "உருகி வளைஞ்சிடுச்சு" என்பது கிட்டத்தட்ட நடக்காத விஷயம்.

சரி, சூட்டில் விரிவடையுமே? ஒரு சின்ன கணக்கு போடலாம். ஏபிஎஸ் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 80 மைக்ரான் விரியும். 30 செ.மீ. நீளமுள்ள பாடி முழுக்க 25 டிகிரி சூடு ஏறினால் 0.6 மி.மீ. நீளும். அலுமினியம் என்றால் 0.17 மி.மீ.தான். ஆறினதும் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ. என் லேப்டாப்பில் இருந்த இடைவெளி மூன்று கார்டை அடுக்கின உயரம்! வெறும் விரிவால் இது வராது. உள்ளே இருந்து ஏதோ தள்ளுகிறது என்று அப்பவே நான் யோசித்திருக்க வேண்டும். (நீங்க கார்டை உள்ளே நுழைச்சுப் பார்க்காதீங்க. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலே போதும்.)

எங்கே பிளந்திருக்கு? அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

*1. ஹின்ஜ் மூலையில் விரிசல்:* ஸ்க்ரீனைத் தாங்கும் ஹின்ஜ் உலோகம். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள், பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளை மறைகளில் ஏறியிருக்கும். ஹின்ஜ் நாளாக ஆக இறுகிவிட்டால், திறக்கும்போது முழு விசையும் அந்தப் பிளாஸ்டிக்கில் இறங்கும். ஒரே மூலையைப் பிடித்துத் திறந்தால் இரண்டு ஹின்ஜ் வாங்க வேண்டிய சுமையை ஒன்றே வாங்கும். இங்கே முக்கியக் காரணம் விசை, சூடு துணைக்காரணம். பித்தளையும் பிளாஸ்டிக்கும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், தினமும் சூடாகி ஆறுகிற இடத்தில் மறையின் பிடி மெல்ல மெல்லத் தளரும். இது ஆபத்தில்லை. ஆனால் விரிசல் விழுந்த பிறகும் திறந்து மூடிக்கொண்டே இருந்தால், ஸ்க்ரீனுக்குப் போகும் கேபிளும் போய்விடும்.

*2. அடியில் ரப்பர் கால் கழன்று வருவது:* இதுதான் நேரடியாகச் சூட்டின் வேலை. பசை இளகிவிடுகிறது. கால் போனால் அடியில் காற்று போகும் இடைவெளியும் குறையும், சூடு இன்னும் ஏறும். புதுசு ஒட்டினால் சரியாகிவிடும்.

*3. டச்பேட் எழும்புவது, அடிப்பக்கம் உப்புவது:* இதுதான் எனக்கு நடந்தது. பாடியில் கோளாறே இல்லை, கோளாறு பேட்டரியில்.

லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் வயதாக ஆகச் சிதைந்து வாயுவை உண்டாக்கும். சூடும், எப்பவும் 100 சதவீத சார்ஜிலேயே இருப்பதும் இதை வேகப்படுத்தும். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் பை வடிவ பேட்டரி. வாயு வெளியே போக வழியில்லாமல் சிப்ஸ் பாக்கெட் மாதிரி உப்பிக்கொள்ளும். அது டச்பேடையும் பாடியையும் தள்ளும்.

அதன் மேல்தான் நான் புத்தகத்தை வைத்து அழுத்தினேன். உள்ளே இரண்டு மின்முனைகளையும் பிரிப்பது ஒரு மெல்லிய படலம். அழுத்தத்தில் அது கிழிந்தால் ஷார்ட் ஆகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2019 ஜூனில் ஆப்பிள் நிறுவனம், 15 இன்ச் மேக்புக் ப்ரோவின் பழைய மாடல்களில் ஒரு பகுதியை, பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கலாம் என்று சொல்லி ரீகால் செய்தது. அந்த ஆகஸ்டில் நம்ம டிஜிசிஏவும், அந்த லேப்டாப்களை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்று பயணிகளுக்குச் சொன்னது.

உப்பியிருந்தால் என்ன செய்யணும்?

சார்ஜரைக் கழற்றுங்க. ஷட்டவுன் பண்ணுங்க. அழுத்தவோ, குத்தவோ, ஸ்க்ரூவை இறுக்கவோ வேண்டாம். மெத்தை மேல் வைக்காமல் தரையிலோ மேசையிலோ வையுங்க. சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்க.

இங்கேதான் நமக்குச் சபலம் வரும். "ரிப்போர்ட் உள்ளே இருக்கு, ஒரே ஒரு தடவை சார்ஜ் போட்டு காப்பி பண்ணிக்கிறேன்." எனக்கும் வந்தது. கடைக்கார அண்ணன்தான் தடுத்தார். "தம்பி, எஸ்எஸ்டி தனியா இருக்கு. பேட்டரி இல்லாமலே ஃபைல் எடுத்துடலாம். எதுக்கு உயிரோட விளையாடுறீங்க?" என்றார். எஸ்எஸ்டியைக் கழற்றி, ஒரு கேஸில் போட்டு, நண்பன் லேப்டாப்பில் யுஎஸ்பியாகச் செருகினோம். எல்லா ஃபைலும் இருந்தது. இரண்டு விஷயம் மட்டும் கவனிக்கணும். சில மாடல்களில் ஸ்டோரேஜ் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கழற்ற முடியாது. விண்டோஸில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் ரிகவரி கீ கேட்கும். அதை இன்றைக்கே எடுத்து வையுங்க. அதைவிட, ரிப்போர்ட்டை டிரைவிலும் ஒரு காப்பி வைத்துவிடுங்க!

பழைய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீங்க, கடையிலேயே கொடுத்துவிடுங்க. அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கே 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் கொடுத்திருக்கின்றன.

வராமல் தடுக்க

மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டாதீங்க, காற்று போகும் வழி அடைபடும். எப்பவும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், செட்டிங்கில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கான்னு பாருங்க. பல மாடல்களில் இருக்கிறது. லீவில் ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் விட்டுவிட்டுப் போங்க. வெயில் காலத்தில் பூட்டிய ஹாஸ்டல் ரூமில் ஃபுல் சார்ஜோடு ஒரு மாசம் கிடப்பது பேட்டரிக்கு நல்லதில்லை. திறக்கும்போது நடுவில் பிடித்துத் திறங்க. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் வைத்துத் துடைக்காதீங்க. ஏபிஎஸ்ஸை அவை அரிக்கும்.

கடைசியா ஒரு சின்ன டெஸ்ட். லேப்டாப்பை மூடி, சமமான மேசையில் வையுங்க. நாலு காலும் சரியாக இருந்தும் ஆடுகிறதா? ஸ்கேலை அடிப்பக்கத்தில் குறுக்கே வைத்தால் நடுவில் மேடு தெரிகிறதா? இரண்டுக்கும் "ஆமா" என்றால், இன்றைக்கு சாயங்காலமே கடைக்குக் கிளம்புங்க. ரிவ்யூ முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க. என் ரூமில் அந்த ராத்திரி மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தோம்.