மொட்டை மாடிப் பிரகாரம்

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யப் போகிறேன் என்றாய், தாயி. கேட்கவே மனசு குளிர்ந்தது. நான் நாற்பத்தாறு வயதில் தொடங்கி, ஏழு தடவை விட்டு, எட்டாவது தடவை பிடித்துக்கொண்டவள். விட்ட ஏழு தடவையும் எனக்கு எதையாவது சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயின. அவற்றைத்தான் உனக்குச் சொல்கிறேன்.

1. உடம்பின் மேல் கோபம் வந்து தொடங்காதே. ஒரு கல்யாணப் போட்டோவில் என்னைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் புழுங்கினேன். விடிந்ததும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் நூறு தோப்புக்கரணம் போட்டேன். மறுநாள் படியிறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாலு நாளில் வலி போனது. கூடவே ஆசையும் போனது. தோப்புக்கரணத்தின் மேல் குற்றமில்லை. தொடை, இடுப்பு, கெண்டைக்கால் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே வேலை கொடுக்கும். பத்தில் தொடங்கு, வாரத்துக்கு இரண்டு கூட்டு. கோபத்தில் மூட்டிய அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும்.

2. காலை இழுத்துக்கொண்டு போவது மனசுதான். அதற்கு ஒரு வேலை கொடு. நம் சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் கோயில் பிரகாரத்தைப் பார்த்திருப்பாய். அரியும் அரனும் ஒன்றாய்க் காட்சி தர வேண்டும் என்று ஒற்றைக்காலில் தவம் நின்றவள் கோமதி அம்மன். அவள் கால்வலியில் தாங்களும் பங்கெடுப்பதாக நேர்ந்துகொண்டு பெண்கள் நூறு சுற்றுக்கு மேல் ஆடிச்சுற்று வருவார்கள். தெருமுனைக் கடைக்குப் போகவே முட்டுவலி என்பாள் என் அம்மா. அவளே முந்தானையில் புளியங்கொட்டை முடிந்துகொண்டு எண்ணி எண்ணிச் சுற்றி முடிப்பாள். அதை உடற்பயிற்சி என்று யாராவது சொல்லியிருந்தால் பாதியில் உட்கார்ந்திருப்பாள்.

2020-ல் ஊரடங்கு. பங்குனியிலேயே தெருவில் தறிச்சத்தம் அடங்கிவிட்டது. ஆடி வந்தபோது கோயிலுக்குள் போக முடியவில்லை. அம்மாவைப் போல நானும் வருகிற சுற்று நின்றுவிடக் கூடாதென்று மொட்டை மாடியில் நாலு மூலைக்கும் நாலு பூந்தொட்டி வைத்து அதைப் பிரகாரமாக்கிக்கொண்டேன். ஒரு சுற்று ஒருவருக்கு என்று வைத்தேன். சென்னையில் மாட்டிக்கொண்ட மகனுக்கு ஒன்று, மூச்சுத் திணறிப் படுத்திருந்த நாத்தனாருக்கு ஒன்று, வேலையில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுத் தறிக்காரருக்கு ஒன்று. நினைக்க வேண்டியவர்கள் தீர்வதற்குள் அரைமணி போய்விடும். ஆடி முடிந்தது. நான் நிறுத்தவில்லை. உன் மனசுக்குக் கொடுக்கிற வேலை பாட்டாக இருக்கலாம், கேட்கிற கதையாக இருக்கலாம், மனப்பாடம் செய்கிற பாடமாகவும் இருக்கலாம். எதுவானாலும் உனக்குப் பிரியமானதாக இருக்கட்டும்.

3. முழுசாக அரைமணி நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே. அப்படிக் காத்தே நான் பல வருஷத்தைத் தொலைத்தேன். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். குழம்பு கொதிக்கிற ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

4. ஒற்றைக்காலில் நில். பல் துலக்கும்போது ஒரு காலில், பால் காயும்போது மறு காலில். பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 51 முதல் 75 வயது வரையுள்ள 1,702 பேரை 10 விநாடி ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பார்த்து, 2022-ல் அதை எழுதினார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அப்படி முடியாதவர்களிடையே இறப்பும் கூடுதலாக இருந்தது. இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. விழாமல் நிற்பதும் பழகினால்தான் வரும் என்பதற்காகச் சொல்கிறேன். முதலில் சுவருக்குப் பக்கத்தில் நில். கைக்கெட்டிய சுவரைப் பிடிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

5. வெட்கத்தைப் பற்றியே ஒரு வார்த்தை. பேரப்பிள்ளைகளுக்காக மாடியில் சுண்ணாம்புக்கட்டியால் கட்டம் போட்டுச் சில்லு ஆடினேன். நொண்டியடித்து ஏழு கட்டம் தாண்டி, குனிந்து சில்லை எடுத்துத் திரும்பி வந்தால் மூச்சு வாங்கும், வேர்க்கும், சிரிப்பும் வரும். பக்கத்து மாடியில் துணி உலர்த்திய ஒருத்தி பார்த்துச் சிரித்தாள். அன்றோடு நிறுத்தினேன். யாரோ ஒருத்தியின் அரை நிமிடச் சிரிப்புக்கு இரண்டு வருஷ ஆட்டத்தைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், சில்லுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. உன்னைப் பார்த்து யாராவது சிரித்தால், நீயும் வா என்று கூப்பிடு.

6. வேலை செய்கிற உடம்புக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்காதே. உன் தாத்தா முப்பது வருஷம் விசைத்தறிகளுக்கு நடுவே நாளெல்லாம் நின்றவர். அவர் உடம்புக்கு என்ன குறை என்று நானும் நினைத்திருந்தேன். ஐம்பது வயதில் சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியவில்லை. ஒரே அசைவு நாளெல்லாம் நடந்தால் ஒரு பக்கம் தேய்கிறது, மறுபக்கம் துருப்பிடிக்கிறது. அதனால்தான் கும்மியை விடாதே என்கிறேன். குனிந்து கொட்டு, நிமிர்ந்து கொட்டு, சுற்றி வந்து கொட்டு. தோள், இடுப்பு, கால் மூன்றும் அதில் அசையும். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தூக்கி இறக்கு.

7. களைப்பு வேறு, வலி வேறு. களைத்தால் கொஞ்சம் உட்கார்ந்து எழு. மூட்டில் குத்தினாலோ, நெஞ்சை அடைத்தாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் போ. ஐம்பதைத் தாண்டிய பிறகு சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு கயிறு தாண்டி, முட்டு வீங்கியதை ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்தேன். பொறுமையென்று நினைத்தேன், வெறும் வீம்பு.

8. விட்டுப்போகும், தாயி. விருந்தாளிகள் வருவார்கள், காய்ச்சல் வரும், மழை வரும். மூன்று நாள் விட்டதற்கு வருந்தியே நான் மூன்று மாதம் விட்டிருக்கிறேன். விட்ட நாளுக்கு வட்டி கட்டாதே. நாலாம் நாள் காலையில் ஒரே ஒரு சுற்றோடு தொடங்கு.

வெயில் தாழ்ந்துவிட்டது. எதிர்வீட்டில் தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு அடியெடுத்து வைத்தால் நடை தானாக ஒழுங்காகிவிடும். மாடிக்குப் போகிறேன். இன்றைக்கு முதல் சுற்று உனக்கு.