மாரிக்கு முன் நொச்சி நடுதல்: கல்முனைக் கரையோரத்துக்கான பருவகால ஆலோசனை

நொச்சி, துளசியும் புதினாவும் கற்பூரவள்ளியும் சேர்ந்த குடும்பத்துப் புதர். விட்டால் இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல் போகும். வெட்டி வளர்த்தால் இடுப்பளவில் அடர்ந்து நிற்கும். தாவரவியலில் இதன் பெயர் வைட்டெக்ஸ் நெகுண்டோ. 1753இல் லின்னேயஸ் இட்டது. சிங்களத்தில் நிக, யூனானி வைத்தியத்தில் சம்பாலு. முன்னர் வேர்பீனேசியேக் குடும்பத்தில் வைத்திருந்த இந்தச் செடியைத் தேக்கோடு சேர்த்துப் பிற்காலத்தில் லேமியேசியேக்கு மாற்றினார்கள். பழைய நூல்களில் குடும்பப் பெயர் வேறாக இருப்பது அதனால்தான்.

செடியை அடையாளம் காண இலையைப் புரட்டினால் போதும். ஒரு காம்பில் ஐந்து, சிலவற்றில் மூன்று, ஈட்டி வடிவச் சிற்றிலைகள் விரல்களைப் போல விரிந்திருக்கும். மேற்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் நுண்ணிய மயிர் படர்ந்து சாம்பல் வெள்ளை. வாடைக்காற்று அடிக்கும்போது செடி முழுவதும் ஒரு கணம் வெளுத்துப் பச்சையாகும். இளந்தண்டு நான்கு பட்டையாக இருக்கும். இலையைக் கசக்கினால் மூக்கில் ஏறும் காரமான மணம் வரும். பூ வெளிர் ஊதா; பழம் மிளகளவில் கறுத்திருக்கும். கருநொச்சி என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் வேறு குடும்பத்துச் செடி. அதன் இலை விரல்களாகப் பிரியாமல் தனியிலையாக, ஒடுங்கி நீண்டிருக்கும். பெயரை நம்பி வாங்காமல் இலையைப் பார்த்து வாங்க வேண்டும். கடற்கரை மணலில் தானாக வளரும் மூவிலை நொச்சி இதே இனத்தின் நெருங்கிய உறவு.

மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீளும் கரையோரம் தாழ்நில உலர் வலயத்தில் உள்ளது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்துவிடும். பிறகு வெயில், வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று மணலை உலர்த்தும். இந்தக் காற்றைத் தாங்க நொச்சிக்கு ஆழ வேர் வேண்டும். அந்த வேரைக் கொடுப்பது மாரிதான். ஆகவே கம்பு நடும் காலம், முதல் மழை மணலை ஒரு முழ ஆழத்துக்கு நனைத்ததிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. பெரும்போக விதைப்பு நடக்கும் அதே நாட்கள். டிசெம்பர் வெள்ளம் வரும்போது கம்பு வேர் விட்டிருக்க வேண்டும். வேர் விடாத கம்பு ஊறிய மண்ணில் அழுகிவிடும்.

பழைய செடி உள்ள வளவுகளில் முதல் வேலை அதை வெட்டுவது. கச்சான் காலம் முழுவதும் காய்ந்து குச்சியாக நிற்கும் செடியை மழைக்கு முன் இரண்டு, மூன்று அடி உயரத்துக்குக் கழித்துவிட்டால், மழை விழுந்ததும் அடியிலிருந்து புதுத் தளிர் கூட்டமாக வரும். தயங்காமல் வெட்டலாம், நொச்சி கழிக்கக் கழிக்கத் தழைக்கும். வெட்டியதை எறிய வேண்டாம், நடுகைக்கு உரிய கம்பு அதில்தான் இருக்கிறது. செடி இல்லாதவர்கள் வாய்க்கால் கரைகளிலும் பழைய வளவுகளிலும் கேட்டு வாங்கலாம். விதை முளைப்பது ஒழுங்கற்றது, மெதுவானது. கம்பு இருக்கும்போது விதையை நாடத் தேவையில்லை.

கம்பைத் தேர்வதில் பாதி வெற்றி இருக்கிறது. பச்சை நுனி வாடிவிடும், கிழமரம் வேர் விடத் தாமதிக்கும். ஒரு வயதான கிளையில், பட்டை பழுப்பாக மாறத் தொடங்கிய, பென்சில் பருமனான பகுதியே சரியானது. நீளம் 20 முதல் 25 சென்ரிமீற்றர். குறைந்தது மூன்று, நான்கு கணுக்கள். கீழ்வெட்டை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாகவும், மேல்வெட்டை நேராகவும் கூரிய கத்தியால் ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். சரிவும் நேரும் வெறும் அழகுக்கல்ல: எது தலை, எது கால் என்று பிறகு குழம்பாமல் இருக்கவும் அது உதவும். தலைகீழாக நட்ட கம்பு பிழைப்பது அரிது. இலைகளை நீக்கி, உச்சியில் மட்டும் ஓரிரு சிற்றிலைகளை விடலாம். மேல்வெட்டில் கொஞ்சம் சாணம் அப்பினால் ஈரம் வெளியேறாது. வெட்டிய அன்றே நட வேண்டும். முடியாவிட்டால் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் ஓர் இரவு வைக்கலாம். கம்பின் நீளத்தில் பாதிக்கு மேல், இரண்டு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்றி, சுற்றிலும் காலால் மிதித்து இறுக்க வேண்டும். மண்ணுக்குள் காற்று நின்றால் வேர் வராது. மூன்று, நான்கு வாரத்தில் மேல் கணுவில் தளிர் தெரியும். தளிர் தெரிந்ததும் பிடித்துவிட்டது என்று எண்ணி ஆட்டிப் பார்க்கக் கூடாது. தளிர் முதலில் கம்பில் உள்ள சத்திலேயே வரும். வேர் பின்னால்தான் வரும்.

இடம்தான் இந்த ஊர்களில் கடினமான கேள்வி. கரையோர முஸ்லிம் ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. வேலி இருந்த இடங்களில் மதில் எழுந்துவிட்டது; வேலியோடு சேர்ந்து அதில் நின்ற நொச்சியும் போய்விட்டது. ஆனாலும் மதிலின் உட்பக்கம் இரண்டடி அகல மண் இருந்தால் நொச்சிக்குப் போதும். வெயில் அரை நாளாவது விழ வேண்டும். ஓர் அடி அகல ஆழத்தில் குழி எடுத்து, கட்டட இடிபாட்டுக் கல்லையும் சீமெந்துத் துண்டுகளையும் அகற்றி, மேல்மண்ணோடு மக்கிய ஆட்டெருவும் தும்புச்சோறும் கலந்து நிரப்ப வேண்டும். வெறும் மணல் நீரைப் பிடிக்காது; தும்புச்சோறு கலப்பது அந்தக் குறையைத் தீர்க்க. வேலிக்காக என்றால் ஒன்றரை அடிக்கு ஒரு கம்பு, மருந்துக்காக ஒரு செடி என்றால் சுற்றிலும் நான்கடி. ஆடும் மாடும் பொதுவாக நொச்சியை மேய்வதில்லை. ஆடுகள் தெருவில் திரியும் ஊருக்கு இதைவிட நல்ல உயிர்வேலி கிடைப்பது அரிது. மண்ணே இல்லாத வீட்டில் அடியில் துளையிட்ட பெரிய வாளியோ பழைய பரலோ போதும்; செடி உயரமாகாது, இலை கிடைக்கும்.

கடலுக்கு மிக அருகில் உள்ள வளவுகளுக்கு ஒரு கவனம். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அந்தக் கடல்நீர் கரையோரக் கிணறுகளையும் உப்பாக்கியது. இன்றும் கடலோரக் கிணற்றில் கோடையில் உவர் ஏறுவதுண்டு. நொச்சி ஓரளவு உவரைத் தாங்கும், ஆனால் கம்பு நிலையில் தாங்காது. மழைநீர் உப்பைக் கழுவும் இந்த மாதங்களில் நடுவதற்கு அது இன்னொரு காரணம். அலையின் சாரல் நேரே விழும் முதல் வரிசையில் மூவிலை நொச்சியை நட்டு, அதன் மறைவில் ஐந்திலை நொச்சியை வைப்பது நல்லது.

நட்ட பின் வேலை குறைவு. மழை விடும் நாட்களில் மட்டும் நீர். அடியில் நீர் தேங்கினால் விரலளவு சாலாவது வெட்டி வடியவிட வேண்டும். கன்றைச் சுற்றிக் காய்ந்த தென்னோலைத் துண்டுகளைப் பரப்பினால், மழை அடித்து மண் கரைவது நிற்கும். தையில் வெயில் ஏறும்போதும் ஈரம் நிற்கும். இலையில் சிறு கொப்பளங்கள் தோன்றினால் அது நுண்ணிய சிலந்திப் பேனின் வேலை. அந்தக் கிளையை வெட்டிப் புதைத்தால் போதும். மருந்துக்குப் பறிக்கும் செடியில் பூச்சிநாசினி தெளிப்பது எந்த நிலையிலும் தகாது. முதல் மாரியில் இலை பறிக்கவும் வேண்டாம்.

பழைய செடியில் பறிப்பதென்றால் முற்றிய இலையையே பறிக்க வேண்டும். 2003இல் இலங்கை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், முற்றிய பச்சை நொச்சியிலையின் நீர்ச்சாறு எலிகளில் வீக்கத்தையும் வலியையும் குறைத்தது. மனிதருக்கு எந்த அளவு என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. வீட்டில் இதை வெளிப்பூச்சாகவும் ஆவியாகவும் குளிப்பாகவும் வைத்துக்கொள்வதே பொருத்தம். உள்ளுக்குக் குடிப்பதைத் தகுதி பெற்ற சித்த, யூனானி, ஆயுர்வேத வைத்தியரின் பொறுப்பில் விட வேண்டும்; கர்ப்பிணிகள் உள்ளுக்கு எடுக்கவே கூடாது. மூட்டு வலிக்கு இலையை வறுத்துத் துணியில் கட்டி, கை பொறுக்கும் சூட்டில் ஒத்தணம் கொடுக்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது முடியும்வரை நொச்சியும் பாவட்டையும் போட்டு அவித்த நீரில் குளிக்க வார்ப்பது பழைய வழக்கம். அறுவைச் சிகிச்சைக் காயம் ஆறும் முன் அந்த நீர் வேண்டாம்.

மாரியில் தடிமனும் மூக்கடைப்பும் வந்தால் வேது பிடிப்பார்கள். பானையை அடுப்பிலிருந்து இறக்கி, தரையில் அசையாதபடி வைத்து, இரண்டு கைப்பிடி இலையைப் போட்டு, ஆவி தணிந்த பிறகே போர்வையை மூட வேண்டும். ஐந்து நிமிடம் போதும். சிறு பிள்ளைகளைப் போர்வைக்குள் எடுக்கவே கூடாது. சரிந்த பானையின் கொதிநீர் தடிமனைவிடப் பெரிய ஆபத்து.

இதே மாதங்கள் டெங்குவின் மாதங்களும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். நொச்சிப் புகை நுளம்பை விரட்டும் என்பது உண்மை. ஆனால் வீடுகளில் புகை போடுவது மஃரிப் நேரத்தில்; டெங்கு நுளம்பு கடிப்பது காலையிலும் அஸருக்குப் பிந்திய வெளிச்சத்திலும். மஃரிபுப் புகை இரவு நுளம்புக்குத்தான் உதவும். டெங்குவுக்கு, பூச்சாடித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, கூரைப் பீலி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடைக்க வேண்டும். நொச்சி வைத்த வாளியின் அடித்தட்டும் இதில் சேரும். மூச்சிழுப்பு உள்ளவர் இருக்கும் அறையில் புகை வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை. அதுவரை பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் எதுவும் தரக்கூடாது. காய்ச்சல் இறங்கும் நாளே டெங்குவில் அபாயமான நாள். அந்த நேரத்தில் நொச்சிக் குளிப்பை நம்பி வீட்டில் இருப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நவம்பருக்குள் நட முடியாமல் போனவர்கள் கம்பைக் கறுப்புப் பொலித்தீன் பையில் மணலும் தும்புச்சோறும் சம அளவில் நிரப்பி ஊன்றி, வெள்ளம் ஏறாத திண்ணையோரம் வைக்கலாம். மழை தணியும் ஜனவரிக் கடைசியில் பையைக் கிழித்து, வேர்மண் உதிராமல் நட்டு, கச்சான் முடியும்வரை வாரம் இருமுறை நீர் ஊற்ற வேண்டும். அதே நாட்களில் பழைய செடியின் இலையைப் பறித்து நிழலில் ஐந்தாறு நாள் உலர்த்திக்கொள்ளலாம். மாரியில் உலர்த்தினால் பூஞ்சணம் பிடிக்கும். மாசியில் அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வரும்போது, நன்றாகக் காய்ந்த நெல் மூட்டைகளுக்கு இடையிலும் பயறுப் போத்தல்களிலும் அந்த இலையைப் போட்டு வைத்தால் வண்டு வருவது குறையும். ஏற்கெனவே வண்டு விழுந்த மூட்டைக்கு அது பயன்படாது. அதை வெயிலில் கொட்டிப் புடைத்த பிறகே இலை போட வேண்டும்.