நான்கு வாரமும் ஒரு பாத்திக் கீரையும்

சிங்கப்பூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. நம் தீவு நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. பகல் பொழுதும் எல்லா மாதங்களிலும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். ஆனாலும் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் கூடுதலாக இருக்கும். 2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி ஆங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. இந்த வெப்பத்தின் நடுவில்தான் பள்ளிகளுக்கு நான்கு வார ஜூன் விடுமுறை வருகிறது.

நான்கு வாரத்தில் என்ன செய்யலாம்? முளைக்கீரை விதையைத் தூவினால் அது வளர்ந்து அறுவடைக்கு வர ஏறத்தாழ அதே நான்கு வாரம்தான் ஆகும். விடுமுறையின் முதல் நாளில் விதைத்தவர் கடைசி நாளில் கீரைக் கூட்டு சாப்பிடலாம்!

சிங்கப்பூரில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். மண் தரை உள்ள வீடு பெரும்பாலோருக்கு இல்லை. இருந்தாலும் செடி வளர்க்கும் ஆசை மட்டும் குறையவில்லை. அத்தகைய ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவி, அவளுடைய பெற்றோர், தம்பி, பாட்டி ஆகியோர் வாழ்கிறார்கள்.

பாட்டியின் தோட்டம் வீட்டு வாசலில் உள்ள தாழ்வாரத்தில் இருக்கிறது. கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, பாண்டான், மிளகாய் என்று பதினான்கு தொட்டிகள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போகும்போதெல்லாம் பாட்டி ஏதாவது ஒரு செடியையோ விதைப் பொட்டலத்தையோ வாங்கிவராமல் இருக்கமாட்டார். தம்பிக்கு இருமல் வந்தால் கற்பூரவல்லி; குழம்பைத் தாளிக்கும்போது கறிவேப்பிலை; பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் நாசி லெமாக் சமைக்கும்போது பாண்டான் இலை. அந்தத் தொட்டிகளால் பயன் பெறாத வீடு அந்தத் தளத்தில் இல்லை.

விடுமுறையின் முதல் வாரத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. தாழ்வாரத்தின் கோடியில் வசிக்கும் சீன முதியவர் மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பி வந்தார். தொட்டிகளுக்கு இடையே நாற்காலி நுழையவில்லை. அவருடைய மகன் கோபப்படவில்லை. நாற்காலியை இரண்டு முறை பின்னால் இழுத்து, மறுபடி தள்ளிப் பார்த்தார். பிறகு ஒரு தொட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பாட்டியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். பாட்டிக்கு அதுவே போதுமாக இருந்தது. அன்று மாலை அவர் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

மாணவி அளவு நாடாவை எடுத்துவந்து தாழ்வாரத்தை அளந்தாள். தாழ்வாரத்தில் பொருள்களை வைத்தாலும், குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும் என்பது தீப் பாதுகாப்பு விதி. தீ விபத்து நேர்ந்தால் புகையில் தடுமாறி ஓடுபவர்களுக்கும், நோயாளியைத் தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்பவர்களுக்கும் அந்த இடம் தேவை. பாட்டியின் தொட்டிகளைக் கடந்து மீதமிருந்த வழி 90 சென்டிமீட்டர்தான்.

“பாட்டி, சில தொட்டிகளைச் சன்னலுக்கு வெளியே வைக்கலாமா?” என்று தம்பி கேட்டான்.

“வேண்டாம்பா. மேலேயிருந்து ஒன்று விழுந்தால் கீழே போகிறவர்களின் உயிர் போய்விடும்,” என்றார் பாட்டி.

எனவே ஐந்து தொட்டிகள் மட்டும் வாசலில் தங்கின. மற்ற ஒன்பதும் புளோக்கின் கீழே இருந்த சமூகத் தோட்டத்துக்கு இடம் மாறின.

இந்தச் சமூகத் தோட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1967ஆம் ஆண்டில் சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக மாற்றும் திட்டத்தைப் பிரதமர் லீ குவான் இயூ அறிவித்தார். அப்போது மரம் நடும் பொறுப்பைப் பெரும்பாலும் அரசாங்கமே ஏற்றது. 2005ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்பாளர்களே ஒன்றுசேர்ந்து தோட்டம் அமைத்துப் பராமரிக்க அது வழிவகுத்தது. இன்று குடியிருப்புப் பேட்டைகள், பள்ளிகள், மருத்துவமனைகள் எனப் பல இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன. தனியாகப் பயிரிட விரும்புவோர், சில பூங்காக்களில் 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியை வாடகைக்கு எடுக்கலாம்.

கோவிட்-19 கிருமித்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டில், வீட்டில் பயிரிட விரும்பியவர்களுக்குத் தேசியப் பூங்காக் கழகம் காய்கறி விதைப் பொட்டலங்களை இலவசமாக அனுப்பியது. சிங்கப்பூர் தனது உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வரவழைக்கிறது. தட்டில் உள்ள கீரை எப்படி வளர்கிறது என்பதைப் பலர் முதன்முதலாக அப்போதுதான் கண்டார்கள்.

கீழே இருந்த தோட்டத்தில் ஒரு பாத்தி காலியாக இருந்தது. தோட்டக் குழுவினர் அதை மாணவியிடம் ஒப்படைத்தனர். கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்துவிடும். பாட்டி ஒரு பிடி விதையை மூன்று பிடி உலர்ந்த மணலோடு கலந்து தூவச் சொன்னார். ஐந்தாம் நாள் பச்சை நூல்போல முளைகள் தெரிந்தன. நெருக்கமாக இருந்த நாற்றுகளைப் பிடுங்கி இடைவெளி விட்டபோது மாணவிக்கு மனம் வரவில்லை. “இதைப் பிடுங்கினால்தான் அது வளரும்,” என்றார் பாட்டி.

இரண்டாம் வாரம் விடியற்காலையில் அடித்த காற்றும் மழையும் நாற்றுகளில் பாதியைச் சாய்த்தன. மாணவியும் அவளுடைய தோழியும் வலை கட்டினார்கள். மழை நின்றதும் தொட்டிகளின் அடித்தட்டுகளில் தேங்கிய நீரைத் தம்பி கவிழ்த்தான். ஏடிஸ் கொசு தெளிந்த நீரில் முட்டையிடும். ஏறத்தாழ ஒரே வாரத்தில் அது முழுக் கொசுவாகிவிடும். டெங்கிக் காய்ச்சல் வந்தால் பாதிக்கப்படுவது தொட்டிக்குச் சொந்தக்காரர் மட்டுமல்லவே!

மூன்றாம் வாரம் மாணவிக்கு வேறொரு கவலை வந்தது. பள்ளி திறந்ததும் காலையில் ஆறரை மணிக்குப் பேருந்து. மாலையில் இணைப்பாட நடவடிக்கை. பாட்டிக்கோ மூட்டு வலி. தண்ணீர் வாளியைத் தூக்க முடியாது. பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது? அவள் ஓர் அட்டையில் ஏழு நாள்களையும் எழுதித் தோட்டத்தின் அருகில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். திங்கள், வியாழன் என்ற இரண்டு கட்டங்களில் மட்டும் தன் வீட்டு எண்ணை எழுதினாள். மற்ற ஐந்தும் இரண்டு நாள் காலியாகவே இருந்தன. மூன்றாம் நாள் மலாய் அம்மையாரின் வீட்டு எண் வந்தது. பிறகு தோழியின் வீட்டு எண். வாரக் கடைசியில் புதன்கிழமைக்கு எதிரே, நடுங்கும் கையால் எழுதிய ஓர் எண் இருந்தது. அது தாழ்வாரத்தின் கோடி வீட்டு எண்.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே தண்ணீர் ஊற்ற வசதியாக, அந்தப் பெரியவருக்குக் கழுத்து நீண்ட பூவாளியை அப்பா வாங்கித் தந்தார்.

விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கீரையை அறுத்தார்கள். எட்டுக் கட்டுதான் கிடைத்தது. தேக்காவில் சில வெள்ளிக்கு வாங்கிவிடலாம். பாட்டி அதில் ஒரு கட்டை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அட்டையில் இருந்த வீட்டு எண்களைப் பார்த்துப் பிரித்தார்.

“வேரோடு பிடுங்காதே. தண்டுக்கு மேலே அறு. மறுபடியும் துளிர்க்கும்,” என்று பேத்தியிடம் சொன்னார்.

மறுநாள் பள்ளி திறந்தது. திங்கட்கிழமை அவளுடைய முறை. ஆறு மணிக்கே சீருடையில் கீழே இறங்கித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பேருந்துக்கு ஓடினாள்.

சொற்பொருள்

பாத்தி – பயிரிடுவதற்காகப் பிரிக்கப்பட்ட சிறிய நிலப்பகுதி
நாற்று – விதையிலிருந்து முளைத்த இளம்பயிர்
துளிர்த்தல் – புதிய இலை விடுதல்
பூவாளி – செடிக்கு நீர் தெளிக்க உதவும் கலம்

சிந்தித்து விடை எழுதுக

1. முதியவரின் மகன் எதுவும் பேசாமல் சென்றபோதும் பாட்டி தொட்டிகளை மாற்ற முடிவெடுத்தது ஏன்?
2. மாணவி எல்லா நாள்களுக்கும் தன் வீட்டு எண்ணையே எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்?
3. உங்கள் புளோக்கில் எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை அண்டைவீட்டாரோடு சேர்ந்து எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்.